பூனைக்குச் சொல்லாதது

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் ஃபிரிட்ஜுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வாஷிங் மெஷினும் பழுது பார்ப்பார், ஏசியும் மாட்டிக் கொடுப்பார். ஆனாலும் பெயர் ஃபிரிட்ஜோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மருந்துக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒடுக்கமான ஒரு கடை. உள்ளே கதவு கழற்றிய ஃபிரிட்ஜுகள் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக நிற்கும். அவற்றுக்கு இடையில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நடந்தால்தான் அவருடைய மேசைக்குப் போக முடியும். தொப்பை உள்ளவர்கள் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவார்கள்.

தொழிலில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. என்ன பழுது என்று உறுதியாகத் தெரியாமல் வாயைத் திறக்க மாட்டார். "கம்ப்ரசர் போயிடுச்சா, கேஸ் லீக்கா, அதையாவது சொல்லுங்க" என்று கெஞ்சினாலும், "பாத்துட்டுச் சொல்றேன்" என்ற ஒரே பதில்தான். "தெரியாம ஒண்ணைச் சொல்லிட்டு, அப்புறம் அது இல்ல இதுன்னு மாத்திச் சொன்னா எவன் நம்மள நம்புவான்?" என்பார். குழாய் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிவிட்டு, குமிழி கிளம்புகிறதா என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். குமிழி வந்த பிறகுதான் வாடிக்கையாளருக்கு போன் போகும். இந்தக் குணத்தால் நல்ல பெயரும் வாங்கினார், திட்டும் வாங்கினார்.

மனைவிக்கு பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை. நாள் முழுக்கக் கண்ணாடித் துளை வழியாகக் கத்திப் பழகியதால் வீட்டிலும் கொஞ்சம் உரக்கத்தான் பேசுவாள். அவர்களுக்கு ஒரே மகள். வீட்டில் அவளுக்குப் பூனை என்று பெயர்.

அந்தப் பெயரை வைத்தது அவர்தான். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே அவள் குதிகாலைத் தரையில் பதிக்காமல் முன்பாதத்திலேயே நடந்தாள். சமையலறையில் திரும்பினால் பின்னால் நின்றுகொண்டிருப்பாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. "உனக்கு ஒரு மணியைக் கட்டிவிடணும்டி" என்று அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். பூனையும் சிரிப்பாள். ஆனால் மறுநாள், "மணி எப்போ வாங்குவே?" என்று கேட்பாள். அதற்கடுத்த நாளும் கேட்பாள்.

யாருடைய முகத்தையும் அவள் நேராகப் பார்ப்பதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களைச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் சொல்வாள். "வார் அறுந்து தைச்ச செருப்பு போட்டவங்க வந்திருக்காங்க" என்றால் அது அத்தை, ஃபிரிட்ஜுக்காரரின் அக்கா. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடுவாள். சட்டையின் தையல் உடம்பில் உரசக் கூடாது. அதனால் வீட்டில் எல்லாச் சட்டையையும் உள்பக்கம் வெளியே தெரியத்தான் போடுவாள். மற்றபடி நன்றாகப் பேசினாள், சுமாராகப் படித்தாள். "கொஞ்சம் தனி டைப்" என்று சொல்லிக்கொண்டே பத்து வயது வரை ஓட்டிவிட்டார்கள்.

பதினோராவது வயதில் பள்ளிக்கூடத்தில் அது நடந்தது. வகுப்புப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டு, "டீச்சர் உன்னை கிரவுண்டுல நிக்கச் சொன்னாங்க, அவங்க வர்ற வரைக்கும் நகரக் கூடாதாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். பூனை போய் நின்றாள். மழை வந்தது. நின்றாள். மதிய வகுப்புகள் முடிந்தன, அப்போதும் நின்றாள். காவலாளி பார்த்துக் கூட்டிவந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. "டீச்சர் இன்னும் வரலையே" என்று சொல்லிக் கையை உதறிக்கொண்டு திரும்பவும் மைதானத்துக்கே போகப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் அவள் கேட்டாள்: "எல்லாருக்கும் அது விளையாட்டுன்னு தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் ஏம்மா தெரியல? நான் ஏன் இப்படி இருக்கேன்?"

அம்மா துண்டால் இன்னும் அழுத்தித் துவட்டினாள்.

வகுப்பு டீச்சர்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். சில வாரங்கள் போய்வந்தார்கள். குழந்தையைத் தனியாக உட்காரவைத்துப் படம் காட்டிக் கேட்டார்கள், கதை சொல்லச் சொன்னார்கள், அப்பா அம்மாவிடம் அவள் பிறந்ததிலிருந்து எல்லாவற்றையும் தோண்டித் துருவிக் கேட்டார்கள். கடைசி நாளன்று பூனையை வெளியே நர்ஸிடம் விட்டுவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். டாக்டர் ஒரு பெண்மணி. சுற்றி வளைக்காமல் பேசினார்.

"ஆட்டிசமா இருக்கலாம். சில விஷயம் நல்லாவே ஒத்துப்போகுது. சில விஷயம் ஒத்துப்போகல. வெறும் பதற்றத்தாலயும் இந்த மாதிரி வரும். பொண்ணுங்க மத்தவங்களைப் பாத்துப் பாத்து நடிச்சுக் கத்துக்குவாங்க, அதனால அவ்வளவு சுலபமா பிடிபடாது. இப்ப நான் உறுதியா சொன்னா அது பொய். ஒரு வருஷம் போகட்டும், திரும்பப் பாப்போம்."

"அவகிட்ட சொல்லலாமா டாக்டர்?" என்று கேட்டது மனைவி.

"அது உங்க முடிவு. ஆனா குழந்தைங்க கேக்குறப்போ ஒண்ணுமே சொல்லாம இருக்கறதும் ஒரு பதில்தான். அவங்க அதை அவங்க இஷ்டத்துக்குப் புரிஞ்சுக்குவாங்க."

இந்தக் கடைசி வார்த்தை மனைவியின் மனதில் தைத்தது. ஃபிரிட்ஜுக்காரர் காதில் அது விழவே இல்லை. 'உறுதியா சொன்னா அது பொய்' என்பதோடு அவர் நின்றுவிட்டார்.

அடுத்த நாள் பூனை பள்ளிக்கூடம் போன பிறகு, மனைவி வேலைக்குப் போகிற வழியில் கடைக்கு வந்தாள். ஃபிரிட்ஜுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு சண்டை போட்டாள்.

"ஏங்க, அவ கேக்குறா. தினமும் கேக்குறா. எத்தனை நாளைக்கு நான் பேச்சை மாத்துறது?"

"என்னன்னு சொல்லுவே? உனக்கு ஒண்ணு இருக்கு, ஆனா இல்லாமலும் இருக்கலாம்னா? பெரியவங்க நமக்கே தலை சுத்துது. அவ ஒரு சொல்லைப் பிடிச்சா விடுவாளா? மணி வாங்குறேன்னு விளையாட்டுக்குச் சொன்னதையே அத்தனை நாள் பிடிச்சுக்கிட்டா."

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னு அப்படியே சொல்லுவோம். தெரியலைன்னு சொல்றதுல என்ன தப்பு?"

"நாளைக்கே இல்லைன்னு ஆயிடுச்சுன்னா? அந்தப் பேரை அவ தலையில எழுதி ஒட்டினது நாமதான்னு ஆகும். ஒரு வருஷம். ஒரே வருஷம். தெரிஞ்சதும் நானே உக்காத்திவச்சுச் சொல்றேன்."

மனைவிக்குக் கவுன்ட்டர் திறக்க நேரமாகிவிட்டது. பாதி மனதோடு சரி என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடினாள்.

ஆனால் சொல்லாமல் இருப்பதென்பது லேசான காரியமாக இல்லை. பள்ளியில் இனி அப்படி நடக்கக் கூடாதே என்று மனைவி வகுப்பு டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் தலைமை ஆசிரியையிடம் சொன்னார். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவருகிறவள் அத்தை; அவளுக்குத் தெரியாமல் முடியுமா என்று ஃபிரிட்ஜுக்காரர் அக்காவுக்கு போன் செய்து சொன்னார். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"டாக்டர் ஒரு வருஷம் டயம் கொடுத்திருக்காங்கக்கா. அதுக்கப்புறம்தான் எதுவா இருந்தாலும். அதுவரைக்கும் அவளுக்குத் தெரியவே கூடாது. அவகிட்ட மூச்சு விட்டுடாதே."

கதவுக்கு அந்தப் பக்கம் யார் நின்றிருந்தார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? காலடிச் சத்தம் கேட்டால்தானே.

அதற்கப்புறம் வீடு மாறிவிட்டது. ஃபிரிட்ஜுக்காரர் மகளைத் திட்டுவதையே நிறுத்திவிட்டார். சாப்பாட்டை மிச்சம் வைத்தாலும் ஒன்றும் சொல்வதில்லை. பார்க்கிறபோதெல்லாம் தலையைத் தடவினார். அவளுக்குத் தலையைத் தொட்டால் பிடிக்காது என்று தெரிந்தும் தடவினார். முன்பெல்லாம் பூனையோடு சரிக்குச் சரி வாயாடும் அத்தை இப்போது, "என் கண்ணு, உனக்கு என்ன வேணும் சொல்லு" என்று குழைந்தாள். வகுப்பு டீச்சர் அவளை முன்பெஞ்சில் உட்காரவைத்தார். அம்மா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வரும்போது "சோப்பு பட்டுடுச்சு" என்றாள்.

பூனை கேள்வி கேட்பதை நிறுத்தினாள். 'நான் ஏன் இப்படி' என்ற கேள்வி அந்த வீட்டில் அதற்குப் பிறகு எழவே இல்லை. "பாத்தியா, தானா சரியாயிட்டா" என்று ஃபிரிட்ஜுக்காரர் மனைவியிடம் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் பல வாரங்களாக இல்லாத ஒரு தெம்பு இருந்தது.

கேள்விகள் வேறு திசையில் போயிருந்தன. ஒருநாள் பள்ளிவிட்டுக் கடைக்கு வந்தவள், "கம்ப்ரசர் செத்துப்போன ஃபிரிட்ஜை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கறதையெல்லாம் கழட்டி எடுத்துக்குவோம். தட்டு, பல்பு, கதவு ரப்பர். வேற ஃபிரிட்ஜுக்கு ஆகும்."

"மிச்சம்?"

"பழைய இரும்புக்குப் போயிடும்."

"யாராவது அழுவாங்களா?"

அவர் சிரித்தார். "ஃபிரிட்ஜுக்கு யாருடா அழுவாங்க?" அவள் சிரிக்கவில்லை. கதவு கழற்றிய ஒரு ஃபிரிட்ஜின் உள்ளே கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டாள்.

வண்ணப் பென்சில் பெட்டி அவளுக்கு உயிர். யாரும் அதைத் தொடக் கூடாது. அதை ஒருநாள் வகுப்பில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். யாருக்கு என்று பார்த்தால், மழையில் நிற்கச் சொன்ன கும்பலில் ஒருத்தி. "பரவாயில்லையே, எவ்வளவு நல்ல மனசு" என்று அம்மா உருகினாள். பூனை அலமாரியில் தன்னுடைய துணிகளை மடித்து, கிழிந்ததைத் தனியாகவும் நல்லதைத் தனியாகவும் அடுக்கினாள். அதற்கும் பாராட்டு கிடைத்தது. வகுப்பில் நீச்சலுக்குப் பெயர் கேட்டபோது மட்டும் "எனக்கு வேண்டாம், கத்துக்க நேரம் போதாது" என்று எழுந்து நின்று சொன்னாளாம். டீச்சர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்படியே மாதங்கள் ஓடின. புதுப் பள்ளி ஆண்டு தொடங்குவதற்கு முன்னால் அம்மாவும் மகளும் ஷூ வாங்கப் போனார்கள். கடையில் கூட்டம். விற்பனைப் பெண் குனிந்து பாதத்தை அளந்து, சரியான அளவில் ஒரு ஜோடி எடுத்துவந்தாள்.

"ஒரு சைஸ் பெருசா கொடும்மா" என்றாள் அம்மா. "அடுத்த வருஷமும் போடணும்ல."

"வேண்டாம்மா. இதுவே போதும்" என்றாள் பூனை.

"கால் வளரும்டி."

"அடுத்த வருஷத்துக்கு வேண்டாம். வீணாப் போயிடும்."

"ஏன் வீணாப் போகுது?"

பூனை எதிரே இருந்தவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா திரும்பவும் கேட்டாள், இம்முறை கொஞ்சம் எரிச்சலோடு. அப்போது பூனை, தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டே, மிகவும் மெதுவாகச் சொன்னாள்:

"எனக்குத் தெரியும்மா. டாக்டர் ஒரு வருஷம்தான் டயம் கொடுத்திருக்காங்க. அப்பா அத்தைகிட்ட சொன்னாங்க. எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சா நீ இன்னும் அழுவேன்னுதான் சொல்லல."

விற்பனைப் பெண் ஷூவைக் கையில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அம்மா தரையில் மகளுக்கு முன்னால் உட்கார்ந்து அவள் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டாள்.

"இல்லடி. இல்ல. நீ சாகப்போறதில்ல. சத்தியமா இல்ல."

"அப்போ எதுக்கு அழுத?"

ஷூ வாங்காமலே இருவரும் நேராகக் கடைக்கு வந்தார்கள். ஃபிரிட்ஜுக்காரர் ஒரு குழாய்க்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் தீயை அணைத்தார். அவள் நடந்ததை நாலு வார்த்தையில் சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பின்பக்கம் கையை நீட்டித் துழாவி ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். பென்சில் பெட்டி, மடித்துவைத்த துணி, அன்று ஃபிரிட்ஜைப் பற்றிக் கேட்ட கேள்வி, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவர் மேல் விழுந்தன. இத்தனை மாதமும் இந்தக் குழந்தை சாவைத் தனியாக வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. காலையில் எழுந்து, பல் தேய்த்து, பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறது.

"இங்க வாடா" என்றார். அவள் வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"எனக்கு என்ன நோய்?"

"நோயே இல்லடா. ஆட்டிசம்னு ஒண்ணு. அது... மூளை கொஞ்சம் வேற மாதிரி வேலை செய்யும். சத்தம் அதிகமா கேக்கும். மத்தவங்க விளையாட்டுக்குச் சொல்றது பிடிபடாது. அவ்வளவுதான். அதுல யாரும் சாகமாட்டாங்க."

"அது எனக்கு இருக்கா?"

"தெரியல. இருக்கலாம்னு சொல்றாங்க. உறுதியா தெரிய ஒரு வருஷம் ஆகும்னாங்க. அந்த ஒரு வருஷம்தான் நீ கேட்டது."

"அது கெட்டதா?"

"சேச்சே, கெட்டதெல்லாம் இல்ல."

"கெட்டது இல்லன்னா ஏன் ஒளிச்சு வச்சீங்க?"

அவர் வாயைத் திறந்தார். அத்தனை வருடத் தொழிலில் யாருக்காவது பதில் சொல்ல வேண்டுமென்றால் குழாயைப் பார்ப்பார், மீட்டரைப் பார்ப்பார். இங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. கையிலிருந்த கரியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்று பூனை கேட்டாள்.

அம்மாதான் சொன்னாள். அத்தைக்கு. வகுப்பு டீச்சருக்கு. தலைமை ஆசிரியைக்கு. சொல்லச் சொல்ல அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. கிரவுண்டுல நின்ன மாதிரியே" என்றாள் பூனை. அவள் குரலில் கோபம் இல்லை. பார்த்ததைச் சொல்கிற குரல். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று ஃபிரிட்ஜுக்காரர் பிறகு ஒருமுறை அக்காவிடம் சொன்னார்.

உண்மை தெரிந்துவிட்டது, இனி குழந்தை நிம்மதியாக இருப்பாள் என்று இருவரும் நினைத்தார்கள். அப்படி நடக்கவில்லை. சாவதற்குத் தயாராகிவிட்ட குழந்தைக்குத் திடீரென்று நீண்ட ஆயுள் கையில் வந்து விழுந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. பென்சில் பெட்டியைத் திரும்ப வாங்கித் தரச் சொல்லி இரண்டு நாள் அழுதாள். அந்தப் பெண் அதைத் தொலைத்துவிட்டிருந்தாள். அதே மாதிரி புதுப் பெட்டி வாங்கிவந்தார் அப்பா. பூனை அதைத் திறக்கவே இல்லை. எதைச் சொன்னாலும் "சத்தியமா?" என்று கேட்க ஆரம்பித்தாள். பஸ் லேட் என்றால் சத்தியமா. தண்ணீர் வரவில்லை என்றால் சத்தியமா. சத்தியம் செய்து கொடுத்தாலும், "வேற ஏதாவது சொல்லாம இருக்கீங்களா?" என்று அடுத்ததாகக் கேட்பாள். போன் பேசும்போது யாராவது குரலைத் தாழ்த்தினால் அவள் உடம்பு விறைத்துக்கொள்ளும். அதனால் அந்த வீட்டில் எல்லோரும் போனில் உரக்கப் பேசப் பழகினார்கள்.

அத்தை நேரில் வந்து, "எனக்கே மனசு கேக்கலடி, உங்கப்பன்தான் சொல்லாதேன்னான்" என்று மன்னிப்பு மாதிரி ஒன்றைச் சொன்னாள். பூனை அவள் செருப்பைப் பார்த்துத் தலையாட்டினாள்.

கடைக்கு வருவதை அவள் நிறுத்திவிட்டாள். இதுதான் ஃபிரிட்ஜுக்காரருக்குப் பெரிய அடி. முன்பெல்லாம் பள்ளிவிட்டதும் வந்து, கவிழ்த்துப்போட்ட பெட்டியில் உட்கார்ந்துகொண்டு ஓயாமல் எதையாவது கேட்பாள். சில சமயம் அவருக்கே எரிச்சல் வரும். இப்போது சாயங்காலம் அத்தையும் அவளும் எதிர்ப்பக்க நடைபாதையில் போவது தெரியும். அவர் கையைத் தூக்கிக் காட்டுவார். பார்த்தாளா இல்லையா என்று சொல்ல முடியாது. கேள்விகளை இப்போது அம்மாவிடம்தான் கேட்கிறாள். அம்மா தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுகிறாள்.

"நான்தான் தப்பு பண்ணிட்டேன்" என்று ஒருநாள் மனைவியிடம் சொன்னார்.

"நானும்தான் சரின்னு சொன்னேன்" என்றாள் அவள். அதில் ஆறுதலும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

வருடம் திரும்பியது. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பழைய டாக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தார். ஓர் இளைஞர் இருந்தார். இந்தத் தடவை பூனை வெளியே உட்கார மறுத்துவிட்டாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டாக்டர் திரும்பவும் எல்லாவற்றையும் பார்த்தார். கடைசியில், முன்னைவிடச் சாத்தியம் அதிகமாகத் தெரிகிறது, ஆனால் இடையில் பட்ட பயமும் இப்போதுள்ள பதற்றமும் கலந்து படத்தைக் குழப்புகிறது, இன்னும் கொஞ்ச காலம் பார்க்க வேண்டும் என்றார்.

'இடையில் பட்ட பயம்' என்றபோது ஃபிரிட்ஜுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்போ இன்னும் தெரியாதா?" என்று பூனை டாக்டரைக் கேட்டாள்.

"இன்னும் தெரியாதும்மா. ஸாரி."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் சரி என்று எழுந்துகொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. பூனை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அம்மா முன்சீட்டில் உட்கார்ந்தாள், அப்பா மகளுக்குப் பக்கத்தில். இறக்கத்தில் டிரைவர் பிரேக்கை அழுத்த, இரும்பு தேய்கிற சத்தம் வண்டி முழுக்கக் கிறீச்சிட்டது. பூனை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்தாள். அவருடைய கைகள் தாமாகவே எழுந்தன. பாதி வழியில் நிறுத்திக்கொண்டார்.

"நான் பொத்தட்டுமாடா?" என்று கேட்டார்.

சத்தம் நிற்கும்வரை அவள் அப்படியே குனிந்திருந்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "வேண்டாம்ப்பா" என்றாள்.

அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பஸ் அடுத்த நிறுத்தத்தை நோக்கி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.